பதினாறு நிமிஷம் நாற்பது வினாடி

சித்தூர்,
வெள்ளிக்கிழமை, காலை 6.10 மணி.

பலமனேரில் கோடை முகாம் என்ற பெயரில் ஊர்ப் பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டு, தான் மட்டும் நிழலில் நின்று விசில் ஊதிக்கொண்டிருக்கும் என் அன்பு மச்சான், உடற்பயிற்சி ஆசிரியர், சிரஞ்சீவி ஹேமநாத்துக்கு உன் மாமா தணிகாசலம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா யசோதாவும் ஏழுமலையான் தயவில் சுகம். நீங்களும் அங்கே சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு, அதை விசாரிக்கிற நேரத்தையும் மிச்சப்படுத்தி, நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகள் ஸ்வர்ணலதாவுக்குத்தான் சுகமில்லை. பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. அவளை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று நீ கேட்பாய். போனில் நான் "நீரஜா மேடம்" என்று ஆரம்பித்த உடனே "மாமா, டவர் இல்ல, கட்டாவுது" என்று வைத்துவிடுகிறாய். ஒரு தடவை என்றால் டவர். நாலு தடவையும் அதே வார்த்தை என்றால் அது டவர் இல்லை, நீ. கடிதத்துக்கு டவர் வேண்டாம். 7.30 பலமனேர் வண்டி கண்டக்டர் பழனியிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அங்கே அந்த வண்டிக்குப் பதினைந்து நிமிஷம் நிறுத்தம். அதற்குள் படித்து முடித்து, பழனியிடமே ஆம் அல்லது இல்லை என்று சொல்லி அனுப்பு. இல்லை என்று சொல்லாதே.

தோஷம் உன்னிடத்தில்தான் ஆரம்பித்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவள் பிறந்தநாளுக்கு எல்லா மாமனும் கொலுசு வாங்கி வந்தால், நீ ஆரஞ்சு நிறத்தில் ஒரு பந்தை வாங்கி வந்தாய். அதோடு விட்டாயா, மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பத்தில் பெயின்ட் டப்பாவின் அடியை வெட்டி எடுத்துவிட்டு வளையமாகக் கட்டி வைத்தாய். அன்றிலிருந்து என் வீட்டுக் கூரை காலை ஐந்தரைக்கே டம் டம் என்று இடிக்கும். கீழ் வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து சண்டை போட்டார். நான் அவரிடம், எங்கள் வீட்டில் இடிப்பது நாளைய சாம்பியன் என்று சொல்லி அனுப்பினேன். இப்போது அதே மனிதர் என்னைத் தெருவில் பார்த்தால், "சாம்பியன் ஆடினாங்களா சார்?" என்று கேட்கிறார். நான் செருப்பைச் சரி செய்வது போல் குனிந்துகொள்கிறேன்.

இப்போது நடப்பைச் சொல்கிறேன். சித்தூர், திருப்பதி இரண்டு ஜில்லாவும் சேர்ந்து பதினாலு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்குக் கோடைப் போட்டி நடத்துகிறார்கள். எங்கள் ஊர் டீமில் பன்னிரண்டு பெண்கள். கோச், உன்னோடு ஒரே வருஷம் உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்த அதே நீரஜா மேடம். உன் பேரைச் சொன்னதும், "ஹேமநாத்தா, நல்ல மனிஷி" என்றாள், தெலுங்கில் 'மனிஷி' என்றால் ஆள் என்றுதான் அர்த்தம் என்றாலும் உன் மேல் மரியாதை இருப்பது தெரிந்தது. அந்த மரியாதையை நம்பித்தான் இந்தக் கடிதமே. டீம் ஃபைனலுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் திருப்பதியில் ஆட்டம். என் பெண்ணும் டீமில் இருக்கிறாள். டீமில் இருக்கிறாள் என்றால், நான் இத்தனை வருஷமாக ரயில்வேயில் இல்லை, பஸ்ஸில் இருக்கிறேன் என்பது எப்படியோ அப்படி. சட்டை இருக்கிறது, நம்பர் இருக்கிறது, வேலைதான் கொடுப்பதில்லை. இந்த உவமை சரியாக வரவில்லை, ஆனால் கோபம் உனக்குப் புரிந்திருக்கும்.

என் உத்தியோகம் உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக டிப்போவில் டிரைவர் கண்டக்டர்களுக்கு ட்யூட்டி சார்ட் போடுகிறவன் நான். எவன் எந்த வண்டி, எத்தனை மணிக்கு ஏறுவான், எத்தனை மணிக்கு இறங்குவான், எல்லாம் என் பேனாவில். ஸ்பேர் என்று ஒரு ட்யூட்டி உண்டு. யாராவது வராமல் போனால் அந்த வண்டியில் ஏற்றுவதற்காக, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு டிப்போ பெஞ்சில் நாள் முழுக்கக் காத்திருக்கும் டிரைவர்தான் ஸ்பேர். அந்த பெஞ்சில் உட்காருகிறவன் முகத்தை நான் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். "சார், எனக்கு இன்னிக்கி வண்டி இல்லையா சார்?" என்று கேட்பான். "சார்ட்ல இன்னா கீதோ அதான்பா" என்று நிமிர்ந்தும் பார்க்காமல் சொல்லி அனுப்புவேன். இப்போது என் பெண் ஸ்பேரில் உட்கார்ந்திருக்கிறாள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வாய்ப்பேச்சாக நான் எதையும் சொல்வதில்லை, ஆதாரத்தோடு சொல்கிறேன். முதல் மேட்ச் சித்தூரில். நான் டிப்போவின் ஸ்டாப் வாட்ச்சோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவளை இறக்கியபோது சந்தோஷம் தாங்காமல், வண்டி கிளம்பும்போது ஊதுவோமே, அந்தப் பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து ஒரு ஊது ஊதிவிட்டேன். கோர்ட்டில் எங்கள் பெண்கள் ஐந்து பேரும் ரெஃப்ரி ஊதியதாக நினைத்து நின்றுவிட்டார்கள். எதிர் டீம் நிற்கவில்லை. பந்தை எடுத்துப் போய்ச் சாவகாசமாகக் கூடையில் போட்டார்கள். ரெஃப்ரி என்னிடம் வந்து தெலுங்கில் சொன்னதை எழுத முடியாது. விசிலைப் பிடுங்கி மேஜையில் வைத்துக்கொண்டார்கள். சரி, தவறு என்னுடையது, ஆனால் அதற்காக ஒரு குழந்தையை நாலு நிமிஷத்தில் வெளியே கூப்பிடுவதா? சரியாக நாலு நிமிஷம். அடுத்தது புத்தூர், மூன்று நிமிஷம் பத்து வினாடி. போன ஞாயிறு திருப்பதியில் செமி ஃபைனல், இரண்டு நிமிஷம் நாற்பது. இறங்குமுகம் பார்த்தாயா? இதே கதியில் போனால் ஃபைனலில் இரண்டு நிமிஷம் தேறாது.

நடுவில் காளஹஸ்தி, நகரி இரண்டு மேட்சுக்கும் எனக்கு லீவு கிடைக்கவில்லை, உன் அக்காதான் கூடப் போனாள். காளஹஸ்தியில் இருபத்து நாலு நிமிஷம் ஆடினேன் என்கிறாள் பெண். நகரியில் இருபத்தாறாம், பதினெட்டுப் பாயின்டாம். நான் நம்பத் தயார், ஆனால் சாட்சி யார்? உன் அக்கா. எத்தனை நிமிஷம் ஆடினாள் என்று கேட்டால், "ரொம்ப நேரம் ஆடிச்சி, நல்லா ஆடிச்சி, அப்பறம் ரெண்டு பன்னு துன்னுச்சி, உங்களுக்கு இன்னும் இன்னா ஓணும்?" என்கிறாள். ரொம்ப நேரம் என்பது எத்தனை நிமிஷம்? இப்படி ஒரு டிரைவர் எழுதிக் கொடுத்தால் நான் கையெழுத்துப் போடுவேனா? ஆகவே அந்த இரண்டு மேட்சையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. நான் கண்ணால் பார்த்ததில் மொத்தம் ஒன்பது நிமிஷம் ஐம்பது வினாடி. அவ்வளவுதான் என் பெண்ணின் பாஸ்கெட்பால்.

புத்தூரில் நடந்த ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அக்காவுக்குத் தெரிய வேண்டாம். பஸ் ஸ்டாண்டு எதிரில் டிபன் கடை வைத்திருக்கும் ரத்தினம்மாவின் பெண் ஸுப்ரஜாதான் எங்கள் டீமில் பெரிய ஆட்டக்காரி. அவள் பந்தைப் பிடிக்கப் போய் விரல் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். அரை வினாடி, ஒரே அரை வினாடி, என் மனசுக்குள், ஒரு வண்டி காலி, ஸ்பேருக்கு இடம் என்று தோன்றியது. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக நானே ஆட்டோ பிடித்து, ஸுப்ரஜாவைக் கட்டுப் போடும் இடத்துக்குக் கூட்டிப்போய், வரிசையில் நின்று, முட்டை வெள்ளைக்கரு வைத்துக் கட்டுப் போட்டுத் திரும்பக் கூட்டிவந்தேன். வந்து பார்த்தால் என் பெண்ணை இறக்கி ஏற்றி முடித்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அப்பாவிடம் கேட்டுத்தான் அந்த மூன்று நிமிஷம் பத்து வினாடியைக் குறித்துக்கொண்டேன். அதாவது, ஐயோ, இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது, அதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. போகட்டும், அந்த அப்பா பேங்க்கில் வேலை செய்கிறவர், நம்பலாம்.

செமி ஃபைனல் முடிந்து பஸ்ஸில் வரும்போது அவள் முகமே சரியில்லை. டீம் ஜெயித்திருக்கிறது, மற்ற பெண்கள் பின் சீட்டில் பாட்டுப் பாடுகிறார்கள், இவள் என் பக்கத்தில் ஜன்னல் ஓரம். பெற்ற மனம் கேட்குமா? "கவலைப்படாதம்மா, அடுத்த வருஷம் ஒரு மேட்ச் விடாம நான் வர மாதிரி லீவ எல்லாம் சேத்து வெச்சிக்கறன்" என்று ஆறுதல் சொன்னேன். பூதலப்பட்டு தாண்டியதும் சொன்னாள், "ஃபைனலோட போதும் நைனா. அடுத்த வருஷம் நான் ஆடல." ஏன் என்றால், "ஒண்ணியும் இல்ல" என்றாள். கேட்டாயா ஹேமநாத்? காலை ஐந்தரைக்கு என் கூரையை இடிக்கிற பெண் இனிமேல் இடிக்க மாட்டேன் என்கிறாள். இதற்கு யார் காரணம்? நீரஜா.

அந்த நீரஜாவிடம் ஒரு சட்டம் இருக்கிறது. மேட்ச் முடிந்து இருபத்து நாலு மணி நேரத்துக்கு, யாரை எவ்வளவு நேரம் ஆடவிட்டேன் என்று எந்தப் பெற்றோரும் அவளிடம் பேசக் கூடாது. கோபம் ஆறட்டும் என்று வைத்த சட்டமாம். சட்டத்தை மதிக்கிறவன் நான். ஞாயிறு மேட்ச் முடிந்தது 5.42க்கு. திங்கள் 5.40க்கே அவள் வீட்டு வாசலில் போய் நின்று, இரண்டு நிமிஷம் காத்திருந்து, 5.42க்குக் காலிங் பெல்லை அழுத்தினேன். கையில் எங்கள் நகரித் தோட்டத்து மாம்பழம் ஒரு கூடை. சப்பாத்தி மாவுக் கையோடு கதவைத் திறந்தவள் முதலில் என்னைப் பார்த்தாள், அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"தணிகாசலம் காரு, ரூல்ல ரெண்டாவது லைன் படிக்கலியா? முதல்ல பொண்ணு வந்து பேசணும். அப்பறம்தான் அப்பா அம்மா."

"அது வாய் தெறக்காதும்மா. நான் கேட்டாலே சொல்லாது."

"அது வந்து பேசிச்சி சார். எப்பவோ பேசிச்சி."

"இன்னா பேசிச்சி?"

"அது எனக்கும் அதுக்கும்."

பார்த்தாயா? குழந்தை போய்க் கண்ணீர் விட்டுக் கேட்டிருக்கிறது, இவள் மனமிரங்கவில்லை, வெளியே சொல்லவும் மாட்டேன் என்கிறாள். நான் விடவில்லை. பையிலிருந்து சார்ட்டை எடுத்தேன். ஞாயிறு ராத்திரி தூங்காமல் போட்ட சார்ட். நாற்பது நிமிஷ ஆட்டம், ஒரு நேரத்தில் ஐந்து பேர், ஆக மொத்தம் இருநூறு நிமிஷம். பன்னிரண்டு பெண்கள். தலைக்குப் பதினாறு நிமிஷம் நாற்பது வினாடி. வல்லவள் இல்லை, மாட்டாதவள் இல்லை, ரத்தினம்மா பெண் இல்லை, தணிகாசலம் பெண் இல்லை, எல்லோருக்கும் ஒரே ட்யூட்டி. நாலு கலரில் கோடு போட்டு, அடியில் கையெழுத்தும் போட்டிருந்தேன். அவள் மாவுக் கை படாமல் குனிந்து முழுதும் படித்தாள். எனக்கே ஆச்சரியம், சிரிக்கவில்லை. "நல்லா இருக்கு சார். புதன்கிழமை பிராக்டிஸ் மேட்ச் இருக்கு. நீங்களே நடத்துங்க. மாம்பழத்த அன்னிக்கிக் கொண்டாங்க, பிள்ளைங்களுக்கு" என்றாள்.

புதன்கிழமை. பக்கத்து டீமோடு சும்மா ஒரு ஆட்டம். நீரஜா போய் அம்மா அப்பாக்களோடு படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். பெஞ்சில் நான், சார்ட், ஸ்டாப் வாட்ச். முதல் பத்து நிமிஷம் எங்கள் டிப்போவே பொறாமைப்படும்படி நடந்தது. அப்புறம்தான் எனக்கு ஒன்று புரிந்தது. பஸ்ஸுக்கு எதிரில் இன்னொரு பஸ் வந்து நம் பயணிகளைப் பிடுங்கிக்கொண்டு போவதில்லை. பாஸ்கெட்பாலில் அதுதான் வேலையே. நல்லா ஓடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு சார்ட்படி நேரம் முடிந்தது, வெளியே கூப்பிட்டேன். ஃப்ரீ த்ரோ போட நின்றவளுக்கு நேரம் முடிந்தது, அவளையும் கூப்பிட்டேன், ரெஃப்ரி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். உயரமான நாலு பெண்களும் சார்ட்படி ஒரே நேரத்தில் பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள், கோர்ட்டில் எல்லாம் சின்னச் சின்னதாக ஐந்து, எதிர் டீம் அவர்கள் தலைக்கு மேல் பந்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டது. இடைவேளையில் மாம்பழக் கூடையைத் திறந்தேன். பசியில் ஆளுக்கு இரண்டு தின்றுவிட்டு, மூன்றாவது குவார்ட்டரில் எல்லோரும் ஓட முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சாறு பட்ட பந்து கையில் நிற்கவே இல்லை. "சார், பந்து வழுக்குது சார்!" என்று ஒருத்தி அழுதாள். பன்னிரண்டு பேரையும் ஒரே நேரத்தில் சமாளித்ததில் எனக்கு வேர்த்து ஊற்றியது.

ஆனால் கேள், அந்தக் களேபரத்தில் என் ஸ்வர்ணா ஆடினாள் பார். நான் மற்றவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்ததில் அவளைச் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை. எப்போதாவது நிமிர்ந்தால் பந்து கூடைக்குள் போய்க்கொண்டிருக்கும், கீழே இவள் நிற்பாள். ஏழு கூடை. நான் கண்ணால் பார்த்த அன்றைக்கெல்லாம் பந்தை நெருப்புத்துண்டு மாதிரி அடுத்தவள் கையில் தள்ளிவிட்ட அதே பெண். சரி, அவளுடைய பதினாறு நிமிஷம் நாற்பது வினாடி முடிந்தது. முடிந்தது என்று வாட்ச் சொன்னது, சார்ட் சொன்னது. நான் பேசாமல் இருந்தேன். பதினேழு. பதினெட்டு. அவள் இடத்துக்குப் போக வேண்டிய பெண் சட்டையைச் செருகிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். டிப்போவில் ஸ்பேர் டிரைவர் நிற்பானே, அதே மாதிரி. நான் அவளைப் பார்க்காமல் சார்ட்டைப் பார்த்தேன். அப்போது படிக்கட்டிலிருந்து ரத்தினம்மாவின் குரல், நாலு தெருவுக்கு இட்லி விற்ற குரல்:

"டைம் கீப்பர் சார்! உங்க பொண்ணு டைம் ஆய்ப்போச்சி, வெளிய கூப்புடுங்க! ஊருக்குத்தான் உபதேசமா?"

"இன்னும் ஒரே நிமிஷம்மா" என்றேன். ஹேமநாத், இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை பேர் என்னிடம் இதே வார்த்தையைச் சொல்லிக் கெஞ்சியிருப்பார்கள், ஒருத்தனுக்காவது கொடுத்திருப்பேனா? நான் கூப்பிடவே இல்லை. ஸ்வர்ணா தானே ஓடி வந்தாள். காத்திருந்த பெண்ணின் கையில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்பிவிட்டு, "என் ட்யூட்டி முடிஞ்சிப்போச்சி நைனா" என்று சொல்லி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நீரஜா இறங்கி வந்து, பெஞ்சில் நான் வைத்துவிட்ட சார்ட்டை எடுத்து என்னிடமே கொடுத்தாள். "கஷ்டம்தானே சார்?" என்றாள், அவ்வளவுதான். முப்பத்தொரு பாயின்ட் வித்தியாசத்தில் தோற்றோம்.

இதனால் நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. சார்ட்டில் குற்றமில்லை, மாம்பழத்தில்தான் குற்றம். இந்தப் பெண்ணால் ஏழு கூடை போட முடியும் என்று இப்போது நானே பார்த்தாயிற்று. இனி நீரஜாவுக்குச் சாக்கு இல்லை. ஆகவே உன்னைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். நீ அவளுக்கு இன்றைக்கே ஒரு போன் போடு. பழைய சிநேகிதத்தை ஞாபகப்படுத்து, நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயாகச் சொல்வது போல் சொல்லு. ஃபைனலில் என் பெண்ணுக்குக் குறைந்தது இருபது நிமிஷம். அவள் மனசு குளிர்ந்து அடுத்த வருஷமும் ஆடுவாள். இல்லாவிட்டால் நீ கட்டின பெயின்ட் டப்பாவில் காக்காய்தான் கூடு கட்டும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு சிபாரிசுக்கும் மசியாதவன், முதல் தடவையாக ஒரு சிபாரிசு கேட்கிறேன். மாமன் என்ற முறைக்கு இதையாவது செய்.

உன் சம்சாரத்துக்கும் குழந்தைக்கும் என் ஆசி. திருத்தணி முருகனும் திருமலைப் பெருமாளும் உங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும், உங்கள் குழந்தைக்குப் பந்து மட்டும் வாங்கிக் கொடுக்காதே.

இப்படிக்கு,
பாசமுள்ள மாமா,
தணிகாசலம்.

பின்குறிப்பு, காலை 8.50: 7.30 வண்டி போய்விட்டது. என் சர்வீஸில் நான் ஒரு வண்டியைத் தவறவிட்டது இதுதான் முதல் தடவை. மேலே எழுதினது அத்தனையும் கேன்சல். நீரஜாவுக்குப் போன் போடாதே. மேலே உள்ளதைப் படித்த கையோடு போட்டிருந்தால், வேறு ஏதோ பேசக் கூப்பிட்டதாகச் சொல்லிச் சமாளி.

நடந்தது இது. நான் பேனாவை மூடிவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் ஸ்வர்ணா இந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் இங்கிலீஷும் படிக்கிற பெண், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நான் ஈரத்தலையோடு வந்து நிற்கும்போது "நா... நாலு... நிமி... ஷம்" என்று விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பிடுங்க மனம் வரவில்லை. எதிரில் உட்கார்ந்தேன். முழுவதும் படித்து முடிக்க முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. பழக்க தோஷம், பார்த்துவிட்டேன்.

படித்து முடித்துக் காகிதத்தை மடித்து வைத்தாள். "மேடம் மேல ஒண்ணியும் தப்பு இல்ல நைனா. நான்தான் சொன்னன். நைனா வந்தா என்ன கொஞ்ச நேரம் மட்டும் ஆட வுடுங்க மேடம்னு."

நான் துண்டை எடுத்து இன்னொரு தடவை தலையைத் துவட்டினேன்.

"நீ விசில் ஊதனதுக்கு இல்ல. அத நான் அன்னிக்கே மறந்துட்டன். நீ முன்னாடி உக்காந்துக்கினு, வாயில எண்ணிக்கினே கீற நைனா. பந்து என் கைக்கு வரச்சே நான் பந்தப் பாக்கறதில்ல, உன் வாயத்தான் பாக்கறன். நூத்திநாப்பது, நூத்திநாப்பத்தொண்ணுனு போய்க்கினே கீது. அப்பறம் எங்க கூடையில போடறது?"

"அப்ப காளஹஸ்தி, இருபத்து நாலு?"

"நெஜம்தான்."

"நகரி?"

"அதுவும்தான். அம்மா சொன்னா நீ நம்பல."

"அடுத்த வருஷம் ஆடலன்னியேம்மா?"

"அடுத்த வருஷம் எல்லா மேட்சுக்கும் வரன்னு சொன்னியே நைனா. அதுக்குத்தான்."

இதைக் கேட்டுவிட்டு நான் எழுந்து போய் ஸ்டாப் வாட்சை உன் அக்காவின் அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கியிருந்த லீவையும் ரத்து செய்வதாகச் சொன்னேன். வரவே மாட்டேன், டிப்போவிலேயே இருக்கிறேன், நீ நிம்மதியாக ஆடு என்றேன். கண் கொஞ்சம் கலங்கிவிட்டது, மறைக்க மாட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீரஜா என் சார்ட்டைப் படித்தாளே, அதே மாதிரி, சிரிக்காமல். அப்புறம் சொன்னாள், "லீவ வெச்சிக்க. கடைசி குவார்ட்டருக்கு மட்டும் உள்ள வா. வாட்ச் இல்லாம. கடைசி வரிசைல. வாய மூடிக்கினு."

"பத்து நிமிஷம்தானாம்மா? ஒரு..."

"இருபத்து நாலு மணி நேரம் கழிச்சிப் பேசு நைனா" என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இதை எழுதும்போது தலைக்கு மேல் டம் டம் என்று கேட்கிறது. கீழ் வீட்டுக்காரர் ஏதோ கத்துகிறார்.

ஆகவே ஹேமநாத், இந்தக் கடிதம் 9.15 வண்டியில் பழனியின் தம்பி ட்யூட்டியில் வருகிறது. நீ ஞாயிறு திருப்பதிக்கு வந்து அக்கா பக்கத்தில் என் இடத்தில் உட்கார். அதற்கு முன் போன் போட வேண்டியது உன் மருமகளுக்கு. நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயாகச் சொல்வது போல் சொல்லு. மாமன் சொன்னால் கேட்பாள். எனக்கு உள்ளே உட்காரப் பதினாறு நிமிஷம் நாற்பது வினாடி கேட்டுப் பார். பன்னிரண்டுக்கு வந்தாலும் ஒப்புக்கொள். அதுவரைக்கும் நான் ஸ்டேடியம் கேட் பக்கத்தில் ஸ்பேரில் இருக்கிறேன்.